கேமராவைக் கொண்டு பழைய நெகடிவ்களையும் ஸ்லைடுகளையும் படியெடுப்பது எப்படி?

கிருஷ்ணகிரி வாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் தந்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அரூர், பென்னாகரம் வட்டாரங்களில் உள்ள நடுகற்களை ஆக்பா கிளிக் 3 கேமராவில் படமெடுத்து வைத்திருக்கிறார். அவை 120 அளவுக் கறுப்பு வெள்ளை நெகடிவ்கள். அவற்றோடு, பின்னாளில் எடுத்த 35 மி.மீ. வண்ண நெகடிவ்களும், அட்டைச் சட்டமிட்ட சில ஸ்லைடுகளும் உள்ளன. என்னிடம் 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி (35 மி.மீ. படத்தைவிடச் சிறிய சென்சார் உள்ள) கேமராவும் 18-55 லென்சும் இருக்கின்றன. கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கும் அளவுக்குத் தெளிவு கிடைக்குமா, அதற்கு வேறு என்னென்ன வாங்க வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வண்ண நெகடிவின் நிறங்களைக் கணினியில் தலைகீழாக்கினால் (எதிர் நிறங்களாக மாற்றினால்) படம் முழுவதும் நீலம் படர்ந்துவிடுவது ஏன் என்றும் விளங்கவில்லை.

அரூர் ஸ்டுடியோ:
முதலில் 120 நெகடிவ்களில் தொடங்குங்கள். உங்களிடம் உள்ள கருவிகளுக்கு அவைதாம் எளியவை. அந்தச் சதுரப் படத்தின் பக்கம் ஏறத்தாழ 56 மி.மீ., உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாரின் உயரமோ 15.6 மி.மீ. ஆகவே 0.28 மடங்கு உருப்பெருக்கம் போதும். 18-55 லென்சுகளில் பல இந்த அளவை எட்டும். எழுத்துகள் இன்னும் தெளிவாக வேண்டுமென்றால், லென்சை மேலும் நெருக்கி ஒரே நெகடிவைப் பகுதி பகுதியாக எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். நெகடிவிலேயே பதியாத எழுத்தை எந்த லென்சாலும் வரவழைக்க முடியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

35 மி.மீ. படத்துக்கு 0.65 மடங்கு தேவை. மிக நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்க இயலாவிட்டால், 50 மி.மீ. லென்சின் பின்னால் 12, 20 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்சைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தும் வெற்றுக் குழாய்) இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள். லென்சின் குவியத்தை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கு) வைத்தால் 32-ஐ 50-ஆல் வகுத்த 0.64 மடங்கு கிடைக்கும், 36 மி.மீ. அகலப் படம் சென்சாரில் சற்றே இடம் விட்டு அடங்கிவிடும். டியூபில் மின்தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அவை இல்லாவிட்டால் புதிய லென்சுகளில் ஒளி புகும் துளையின் அளவை மாற்ற இயலாது.

கேமராவின் விலையைவிட, அது பிலிமுக்கு இணையாக நிற்கிறதா என்பதே முக்கியம். பிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து லென்ஸ் வழியே பாருங்கள். லென்சின் பிம்பம் திரையின் நடுவில் தெரிந்தால் கேமரா நேராக நிற்கிறது என்று பொருள். பிறகு துளை அளவு எப்/8, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100, ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), டைமர் என்று அமைத்து எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அது ஆட்டத்தையும் தருகிறது, தூசியையும் கிளப்புகிறது. கிரானைட் லாரிகள் ஓடும் சாலையோர வீடென்றால், தரையை ஈரத்துணியால் துடைத்த பின், விடியற்காலையில் வேலை செய்வது நல்லது.

ஓசூரான்:
வெளிச்சத்தைப் பற்றி ஸ்டுடியோ நண்பர் சொல்லவில்லை. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் நிறத்திறன் குறியீடு (சி.ஆர்.ஐ.) 95-க்கு மேற்பட்ட எல்.இ.டி. பலகை நல்லது. கைப்பேசித் திரையைப் பயன்படுத்தினால் அதன் புள்ளிகளும் படத்தில் பதியும் என்பதால், மேலே பால்நிற அக்ரிலிக் தகட்டை வைத்து, பிலிமைச் சில சென்டிமீட்டர் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பிலிமைச் சுற்றிக் கறுப்புத் தாளால் மறைத்து, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். வழவழப்பான கண்ணாடிக்கடியில் பிலிமை அழுத்தினால் வானவில் வளையங்கள் தோன்றும். ஓரங்களை மட்டும் பிடிக்கும் சட்டமே போதும்.

நீலம் படர்வதற்குக் காரணம், வண்ண நெகடிவில் சாய அடுக்குகளின் குறையை ஈடுகட்டச் சேர்க்கப்பட்ட ஆரஞ்சு நிறத் திரை. தலைகீழாக்கும்போது அது நீலமாகிறது. படம் பதியாத ஓரத்தில் வெண்மைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) எடுத்துக்கொண்டு, பிறகு தலைகீழாக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் நெகாடாக்டர் என்ற பகுதி இதற்காகவே உள்ளது. ஸ்லைடுக்கு இந்தத் தொல்லை இல்லை; அதன் வெளிர்ந்த பகுதிகள் வெளுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பாலக்கோட்டார்:
இத்தனை பாடுபடுவதற்கு, தூசியைத் தானே நீக்கும் ஸ்கேனர் ஒன்றை வாங்கிவிடலாமே?

அரூர் ஸ்டுடியோ:
வண்ணப் பிலிமுக்கு அது சரி. ஆனால் அந்தத் தூசி நீக்கம் அகச்சிவப்புக் கதிரால் நடைபெறுகிறது. கறுப்பு வெள்ளை நெகடிவில் உள்ள வெள்ளி அக்கதிரையும் மறைப்பதால், கருவி படத்தையே தூசி என்று கருதிவிடும். இவருடைய நடுகல் படங்களுக்கு அதனால் பயனில்லை. காற்றடிக்கும் ரப்பர் குமிழும் மென்தூரிகையும் போதும். பூஞ்சை பிடித்த நெகடிவைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்து, படமே வழிந்துவிடும்.

இன்னொன்று: பிலிமின் மங்கலான பக்கம் கேமராவை நோக்கியிருந்தால் படம் இடம் வலமாக மாறிவிடும். மனித முகமென்றால் எளிதில் தெரியாது; வட்டெழுத்துக் கல்வெட்டில் அது படிப்பவரைத் திணறடித்துவிடும். ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகள் நேராகத் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு சுருளிலும் பாருங்கள். நெகடிவ் உறையில் உங்கள் தந்தை ஊர்ப் பெயர் எழுதியிருந்தால் அந்த உறையையும் ஒரு படம் எடுத்து, அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி வாசி:
மிக்க நன்றி. உறைகளில் ஊரும் ஆண்டும் எழுதப்பட்டுள்ளன. டியூப்களை ஓசூரில் தேடிப் பார்க்கிறேன். ஒரு சுருளில் மட்டும் புளிக்காடியின் வாடை வீசுகிறது. அதை என்ன செய்வது?

ஓசூரான்:
அது அசிடேட் அடித்தளம் சிதைவதன் அறிகுறி. மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அந்தச் சுருளை முதலில் படியெடுங்கள். நாளாக ஆக அது சுருங்கி நெளிந்துவிடும். அதிலிருந்து எழும் அமில ஆவி அருகிலுள்ள பிலிம்களையும் கெடுக்கும். ஆகவே அந்த ஆவி உள்ளேயே தேங்கும்படி காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல், காகித உறையிலிட்டு வேறு அறையில் வையுங்கள்.