பத்துப் பேரைத் தாண்டிய பட்டறை: ஈ.எஸ்.ஐ.யா, தனியார் குரூப் பாலிசியா?

கேள்வி: பட்டறை உரிமையாளர், வியாசர்பாடி

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் லேத், வெல்டிங் வேலைகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். நெடுங்காலமாக எட்டுப் பேர்தான் வேலை பார்த்து வந்தனர். மணலியில் ஓர் ஆலையின் பராமரிப்பு வேலை கிடைத்த பிறகு, ஒப்பந்தக்காரர் மூலம் வரும் இரண்டு ஹெல்பர்களையும் சேர்த்தால் பதின்மூன்று பேர் ஆகிவிட்டனர். இவர்களில் பெரும்பாலானோர் மாதம் 14,000 ரூபாய் அளவில் சம்பளம் வாங்குகின்றனர். மேஸ்திரி, கணக்கர், மூத்த லேத் ஆபரேட்டர் ஆகிய மூவர் மட்டும் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகின்றனர்.

இந்த நிலையில், அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் சேர்வதற்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரு குரூப் மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். தொழிலாளர்களும் சம்பளத்தில் பிடித்தம் எதுவும் வேண்டாம் என்றே கேட்கின்றனர். "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, பிறகு இது எதற்கு?" என்று ஒருவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் கை மீறிச் செலவாகாமல், அவர்களுக்கும் உண்மையிலேயே பயன்படும்படி எதைச் செய்வது சரியாக இருக்கும்?

பதில்: தொழிலாளர் சட்டக் கணக்குகள் பார்ப்பவர், பெரம்பூர்

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஈ.எஸ்.ஐ. என்பது உரிமையாளர் விரும்பினால் சேரும் திட்டம் அன்று, சட்டப்படியான கடமை. எவ்வளவு நல்ல தனியார் பாலிசி எடுத்தாலும் அது இந்தக் கடமைக்கு ஈடாகாது. அந்தப் பத்துப் பேரை எண்ணும்போது ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களும், 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும்கூடக் கணக்கில் வருவார்கள். பத்து என்ற எண்ணிக்கையை எட்டிய நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆட்கள் குறைந்து எட்டுப் பேராகிவிட்டாலும் பதிவு தொடரும்.

தொகையைப் பாருங்கள். 2019 ஜூலை முதல் உரிமையாளரின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. 14,000 ரூபாய் வாங்குபவருக்கு நீங்கள் கட்டுவது 455 ரூபாய், அவர் கட்டுவது 105 ரூபாய். அந்த 455 ரூபாயை அவருடைய கூலியில் பிடிக்கக் கூடாது. சில பட்டறைகளில் நடப்பதால் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு மாதத் தொகையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும்.

இனி, நீங்கள் கேட்ட "உண்மையிலேயே பயன்படும்படி" என்பதற்கு வருகிறேன். மெடிக்ளெய்ம் பாலிசி மருத்துவமனைக் கட்டணத்தைக் கொடுக்கும். ஆனால் வெல்டர் ஒருவர் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் வீட்டில் படுத்துவிட்டால், அந்த மாத வாடகையும் அரிசியும் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நம் பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் கந்துவட்டிக்குப் போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லுக்காக அன்று, வேலைக்குப் போகாத நாட்களுக்காகத்தான் என்பது என் அனுபவம். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகையாக நாள் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். இதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகத் தொகை கிடையாது. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடாக இரண்டு ஆண்டுகள் வரை நீட்டித்துத் தருவார்கள். வேலையில் நேரும் விபத்து என்றால் 90 விழுக்காடு. அதற்கு முன்பு எத்தனை நாள் சந்தா கட்டினார் என்ற நிபந்தனையே இல்லை. லேத்தும் கிரைண்டரும் ஓடும் இடத்தில் இந்த ஒன்றுக்காகவே சேரலாம் என்பேன்.

புதிதாகச் சேருபவருக்கு ஒரு குறிப்பு: அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி முதல் நாளிலிருந்தே உண்டு, நோய்க்கால உதவித்தொகை மட்டும் ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்தே தொடங்கும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுத்தவர் "பிடித்தம் செய்தீர்களே, பணம் எங்கே?" என்று உங்களிடம்தான் வந்து நிற்பார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாதம் 14,000 வாங்கும் உங்கள் தொழிலாளியின் ஆண்டு வருமானமே 1,68,000 ஆகிவிடுகிறது. கையில் பழைய அட்டை இருக்கிறது என்பதை நம்பி, அவசர நேரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதால் அதில் சேர முடியாத மூவருக்கு மட்டும் குரூப் பாலிசி எடுப்பது கடினம். பல நிறுவனங்கள் குறைந்தது ஏழு பேராவது வேண்டும் என்று கேட்கும். அவரவர் பெயரில் குடும்பப் பாலிசி எடுக்கச் சொல்லி, பிரீமியத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, குரூப் பாலிசிகளுக்கு 18 விழுக்காடு தொடர்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குத் தனிநபர் பாலிசியில் மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர் தள்ளிப் போடாமல் இப்போதே எடுப்பது நல்லது.

பதில்: பேக்கிங் யூனிட் சூப்பர்வைசர், கொருக்குப்பேட்டை

சட்டத்தைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காகிதத்தில் இருக்கும் உரிமை கைக்கு வந்து சேருவதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. எங்கள் யூனிட்டில் சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தும், பாதிப் பேர் ஒருமுறைகூட டிஸ்பென்சரிப் பக்கம் போனதில்லை. காரணம் எளிது: பதிவின்போது வேலை செய்யும் இடத்துக்கு அருகில் உள்ள டிஸ்பென்சரியைப் போட்டுவிட்டார்கள், குடும்பமோ மீஞ்சூரில் இருக்கிறது. சிலருக்கு மனைவி, பிள்ளைகளின் பெயர்களே ஏற்றப்படவில்லை. வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போய்விடும் என்று பக்கத்துக் கிளினிக்கில் 200 ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொள்வார்கள். பிறகு அந்தக் கிளினிக் சீட்டைக் காட்டி நோய்க்கால உதவித்தொகை கேட்டால் கிடைக்காது, ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும்.

ஆகவே, பதிவு செய்யும் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, குடும்பத்தினர் விவரங்களைச் சேர்த்து, வீட்டுக்கு அருகில் உள்ள டிஸ்பென்சரியைத் தேர்ந்தெடுத்து, அட்டையை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். பெரிய சிகிச்சை என்றால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கே போக வேண்டிய நாளில் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுங்கள். இதற்கு உங்களுக்குச் செலவு மிகக் குறைவு. பலனோ பிரீமியம் கட்டுவதைவிட அதிகம்.

பதில்: துணிக்கடை நடத்துபவர், பழைய வண்ணாரப்பேட்டை

காப்பீடு நோய் வந்த பிறகு உதவுவது. வருவதற்கு முன்பு செய்யக் கூடியவற்றையும் இத்திரியில் பேசலாம் என்று நினைக்கிறேன். எம்.சி. ரோட்டுக் கடைகளில் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருந்த காலம் உண்டு. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நாங்கள் ஸ்டூல் போட்டதால் விற்பனை குறைந்துவிடவில்லை. அதைவிட முக்கியம் கழிப்பறை. அது இல்லாத கடைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, சிறுநீர்த் தொற்றால் அவதிப்படுவார்கள். உங்கள் பட்டறை தகரக் கூரை என்றால் மே மாத மதியத்தில் வெல்டிங்கை நிறுத்தி, அந்த வேலையைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க, அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்; நாற்பதைத் தாண்டிய எங்கள் ஆட்களில் சிலருக்கு அப்படித்தான் நோய் இருப்பதே தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. பதிவு செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: என் தம்பி எண்ணூரில் ஆறு பேரை வைத்துப் படகு இன்ஜின் பழுது பார்க்கும் கடை நடத்துகிறான். அவனுக்கு எந்த வழியும் இல்லையா?

பதில்: தொழிலாளர் சட்டக் கணக்குகள் பார்ப்பவர், பெரம்பூர்

இருக்கிறது, ஐயா. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவான இடத்திலும் உரிமையாளரும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் தாமாக முன்வந்து ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம். சேரும் வரை, வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு நேரடியாக உங்கள் தம்பியின் மீதே இருக்கும் என்பதால், தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி ஒன்றை இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள். அத்துடன் ஆறு பேரின் வங்கிக் கணக்கிலும் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தைத் தொடங்கிவிடலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரும். 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம், வங்கியிலேயே படிவம் கிடைக்கும்.