புதுப்பிப்பு: வீல் லாக் நட் மட்டும் போதாது

கார் சக்கரம் திருடு போகாமலிருக்க, சக்கரத்துக்கு ஒரு லாக் நட் (அதற்கென்ற தனிச் சாவியால் மட்டும் கழற்றும் நட்) போட்டால் போதும் என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். லாக் நட் திருடனைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

வழவழப்பான தலையுள்ள நட்டின் மேல் சற்றே சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் கழன்று வந்துவிடும். வெளிவளையம் தனியாகச் சுழலும் வகை நட்டில் சாக்கெட் பிடிக்காமல் நழுவும். வாங்கினால் அதையே வாங்குங்கள். நட்டின் இருக்கை (ரிம்மில் பதியும் பகுதி) கூம்பா, உருண்டையா என்பது ரிம்மோடு பொருந்தியே ஆகவேண்டும். மாறினால் ஓட்டத்தில் தளரும், அது திருட்டைவிட ஆபத்து.

பலர் கெடுத்துக்கொள்வது சாவியைத்தான். இம்பாக்ட் கன் (நட்டை வேகமாக முடுக்கும் விசைக் கருவி) வைத்தால் சாவியின் பற்கள் உடையலாம். பிறகு பஞ்சரானாலும் சக்கரம் கழலாது. கையால் ஏற்றி, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வண்டிக் கையேட்டு அளவுக்கு (பல கார்களில் 100–120 நியூட்டன் மீட்டர்) முடுக்கி, 50–100 கிலோமீட்டர் ஓடியபின் சரிபாருங்கள். சாவியின் குறியீட்டு எண்ணைப் படமெடுத்து வையுங்கள்.

சக்கரம் கழற்ற வண்டியைத் தூக்கியாக வேண்டும். அதனால் சாய்வு உணரி உள்ள அலாரத்தையே நான் முதலில் வைப்பேன். சுவரோரம் நெருக்கி நிறுத்தினால் ஒரு பக்கத்துச் சக்கரங்களை நெருங்குவதே கடினம். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் தனிப் பூட்டு வேண்டும்.