அம்மாவுக்கு ஒரு கீரைப் பெட்டி

குழு: பெரிய வீடு, பண்ருட்டி

ஜூன் 22, ஞாயிறு

ஓசூர் சித்தப்பா: (படம்: தாமரை, உதிக்கும் சூரியன், இனிய காலை வணக்கம்)

நான்: (படம்) இதைப் பாருங்கள். கால் வைத்த மரப் பெட்டி, 4 அடிக்கு 2 அடி. மண் நிரப்பிக் கீரை போடலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பறிக்கலாம். விலை 6,800 ரூபாய். அம்மாவுக்கு வாங்கி அனுப்பலாம் என்று பார்க்கிறேன்.

அண்ணன்: நாலு பலகைக்கு 6,800-ஆ? எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் கழிக்கும் பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத் தட்டு, ஒன்று 200 ரூபாய்க்குக் காயலான் கடையில் கிடைக்கிறது. நானே செய்கிறேன்.

அண்ணி: சாட்சிக்குச் சொல்லி வைக்கிறேன். எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரி இரண்டு வருடமாகப் பாதியில் நிற்கிறது.

அம்மா: எனக்கு எதற்கு பெட்டி. எனக்கு முட்டை வலி எல்லாம் கிடையாது

நான்: முட்டை வலியா?

அண்ணி: அத்தை வாயால் சொல்லிப் போனில் எழுத வைக்கிறார்கள். அது முட்டி.

அம்மா: அதைத்தான் சொன்னேன். முட்டி வலி இல்லை. தரையில் பாத்தி இருக்கிறது போதும்

தஞ்சாவூர் அத்தை: அண்ணி, போன மாதம் அரைக்கீரை பறித்துவிட்டு எழுந்திருக்க துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான்தான் பார்த்தேனே.

அம்மா: கால் மரத்துவிட்டது அவ்வளவுதான்

ஓசூர் சித்தப்பா: எங்கே வைக்கப் போகிறீர்கள்? மொட்டைமாடி என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 4க்கு 2 அடி, பத்து அங்குல ஆழம் என்றால் கிட்டத்தட்ட 190 லிட்டர். வெறும் மண்ணாகப் போட்டு மழையில் நனைந்தால் 300 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று வைத்துத்தான் கணக்குப் போடுவோம். இந்தப் பெட்டி நிற்கும் இடத்தில் 400க்கு மேல் வரும்.

அண்ணன்: மாடி இல்லை சித்தப்பா. கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில், தோட்டத்தில்தான். காலை வெயில் நேராக விழும்.

ஓசூர் சித்தப்பா: அப்படியானால் சரி. கால் மட்டும் மண்ணில் படக்கூடாது. அந்தத் தோட்டத்துக் கரையான் என் கல்யாணப் போட்டோ சட்டத்தையே தின்றது.

கடலூர் மாமா: மாப்பிள்ளை, பேலட் எடுக்கும்போது முத்திரை பார்த்து எடு. ஏற்றுமதிப் பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம் சுட்டிருக்கும். பக்கத்தில் எச்.டி. (HT) என்று இருந்தால் சூடு காட்டிய மரம், 56 டிகிரியில் அரை மணி நேரம். பூச்சி சாகத்தான் அது. எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடாதே. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் இதைத்தான் தினமும் பார்த்தேன்.

அண்ணன்: முத்திரையே இல்லாவிட்டால்?

கடலூர் மாமா: உள்ளூருக்குள் ஓடும் பலகைக்கு முத்திரை குத்த மாட்டார்கள். எண்ணெய்க் கறை, மருந்து வாடை இருந்தால் விடு. சாப்பிடும் கீரை போடப் போகிறாய்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணன்: (படம்) இரண்டு பேலட் எடுத்துவிட்டேன். இரண்டும் எச்.டி. பைன் மரம், லேசாக இருக்கிறது. நாலடி நீளம் தானாகவே வருகிறது, அறுக்க வேண்டியதில்லை.

ஓசூர் சித்தப்பா: பைன் பக்கப் பலகைக்குச் சரி. காலுக்கு ஆகாது. இரண்டு ஐப்பசி மழை பார்த்தால் மெத்து மெத்தென்று ஆகிவிடும்.

அண்ணன்: காலுக்குச் சவுக்குக் கட்டை வாங்கிவிடுகிறேன்.

கடலூர் மாமா: சவுக்கைப் போட்டால் கரையானுக்குப் பந்தி போட்ட மாதிரி. வீட்டுப் பின்னால் பழைய ஓட்டு வீட்டுக் கூரைக்குப் போட்ட பனமரச் சட்டம், பனங்கை, கிடக்கிறதே, அதை எடு. வைரம் பாய்ந்த பனங்கையைக் கரையான் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

நான்: அப்பா தரமாட்டார். அது தாத்தா போட்ட கூரை. ஓடு பிரித்து 11 வருடம் ஆகிறது, இன்னும் தென்னங்கீற்று போட்டு மூடி வைத்திருக்கிறார்.

அண்ணன்: அப்பா, கேட்கவா?

அப்பா: 👍

நான்: கேட்கலாம் என்று சொல்கிறாரா, எடுக்கலாம் என்று சொல்கிறாரா?

அப்பா: மூன்று. மூன்றுக்கு மேல் எடுக்காதே.

(இந்தக் குழுவில் அப்பா எழுதிய இரண்டாவது செய்தி இது. முதலாவது என் பிள்ளை பிறந்த அன்று: "நல்லது.")

ஜூன் 28, சனி

அண்ணன்: பண்ருட்டி வந்து சேர்ந்தாயிற்று. பேலட் பிரிக்கிறேன். கடப்பாரை போட்டு நெம்பினால் பலகை பிளக்கிறது. முறுக்கு ஆணி அடித்திருக்கிறார்கள், வரவே மாட்டேன் என்கிறது. இரண்டு பலகை போயிற்று.

ஓசூர் சித்தப்பா: ஆணியை ஏன் பிடுங்குகிறாய்? பலகைக்கும் கட்டைக்கும் இடையில் ஆக்சா பிளேடை விட்டு ஆணியை அறு. தலை பலகையிலேயே இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கும்.

அண்ணன்: இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

ஓசூர் சித்தப்பா: காலையில் வணக்கம் போட்டேனே, அப்போதே கேட்டிருக்கலாம்.

அண்ணன்: சரி, அளவு சொல்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். பலகை அகலம் மூன்றரை அங்குலம். பக்கத்துக்கு மூன்று பலகை வைத்தால் பத்தரை அங்குல ஆழம். அடிப்பலகை குறுக்குவாட்டில், ஒன்றுக்கொன்று அரை விரல் இடைவெளி, தண்ணீர் வடிய. அதைத் தாங்க நீளவாக்கில் பனங்கை மூன்று. கால் ஆறு. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து முழங்கை எங்கே வருகிறது என்று அளந்தேன். பெட்டியின் விளிம்பு தரையிலிருந்து இரண்டேகால் அடி.

அம்மா: துணி தைக்கிறவன் மாதிரி டேப் வைத்து அளக்கிறான்

கடலூர் மாமா: பனங்கையில் ஆணி அடிக்காதே, வளைந்துவிடும். துளை போட்டுத் திருகாணி.

அண்ணன்: ஏழு ஆணி வளைந்த பிறகு தெரிந்துகொண்டேன் மாமா. இப்போது ட்ரில் பிட்டும் ஒன்று உடைந்துவிட்டது. பனங்கையை அறுத்தால் உள்ளே கறுப்புக் கறுப்பாக நார், கம்பி மாதிரி. வாளின் பல்லே மழுங்கிப்போயிற்று.

அண்ணி: கட்டைவிரலில் சிலாம்பு ஏறியதைச் சொல்லவில்லையே. அரை மணி நேரம் ஊசியை வைத்துக்கொண்டு நான் எடுத்தேன், அவர் கத்தினார்.

தஞ்சாவூர் அத்தை: பனஞ்சிலாம்பு பொல்லாதது. மஞ்சள் வை.

ஜூன் 29, ஞாயிறு

நான்: வெளியே என்ன பூசுகிறாய்? பழைய இன்ஜின் ஆயில் பூசினால் நன்றாக உழைக்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள்.

தஞ்சாவூர் அத்தை: இன்ஜின் ஆயிலா? அந்தக் கீரையை நான் சாப்பிட மாட்டேன், என் அண்ணனுக்கும் போடக்கூடாது.

கடலூர் மாமா: பண்ருட்டியில் இருந்துகொண்டு இதற்கு யோசிப்பார்களா? முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். எங்கள் பக்கம் படகுக்கே அதைத்தான் பூசுவார்கள். வெளிப்பக்கமும் காலும் மட்டும். உள்ளே வேண்டாம். இரண்டு தடவை பூசி ஒரு வாரம் காயவிடு. முக்கியமாக, கையில் படாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்: (படம்)

நான்: ஐயோ, விரலெல்லாம் என்ன இப்படிக் கறுத்து வெந்திருக்கிறது?

அண்ணன்: மாமா கடைசி வரியை எழுதுவதற்குள் ஒரு தடவை பூசி முடித்துவிட்டேன்.

அம்மா: முந்திரி உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலும் எண்ணெயும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியவில்லை

அண்ணன்: (படம்) எப்படியோ, பெட்டி நின்றுவிட்டது. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு செங்கல்.

ஓசூர் சித்தப்பா: நன்றாக இருக்கிறது. நீளப் பக்கம் இரண்டிலும் நடுவில் பலகைகள் எதன் பிடியில் இருக்கின்றன? நடுக்கால் அடியோடு நின்றுவிட்டதே.

அண்ணன்: தாங்கும் சித்தப்பா.

ஜூலை 5, சனி

அண்ணி: இந்த வாரம் நான் மட்டும் வந்திருக்கிறேன். மண் நிரப்பியாயிற்று. அடியில் தேங்காய் மட்டை இரண்டு வரிசை, மேலே செம்மண், மாட்டெரு, தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. மட்டை போட்டதில் மண் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், கனமும் குறைந்தது.

தஞ்சாவூர் அத்தை: நார்க் கட்டியை ஊறவைத்து அலசினீர்களா? உப்பு இருக்கும்.

அண்ணி: இரண்டு தடவை. 5 கிலோ கட்டி ஊறி அண்டா நிரம்பி வழிந்தது. காபித் தண்ணீர் மாதிரி இறங்கியதைத் தென்னைக்கு ஊற்றினோம்.

ஜூலை 8, செவ்வாய்

அம்மா: நேற்று ராத்திரி நல்ல மழை. பெட்டி வயிறு தள்ளிவிட்டது

நான்: என்னது?

அம்மா: (படம்) எட்டு மாதக்காரி மாதிரி நிற்கிறது பார்

ஓசூர் சித்தப்பா: நான் கேட்டேன்.

அண்ணன்: தெரியும் சித்தப்பா.

ஓசூர் சித்தப்பா: ஈரமண் பக்கவாட்டில் தள்ளும். நாலடிப் பலகைக்கு நடுவில் பிடிப்பு இல்லாவிட்டால் வேறு எப்படி நிற்கும்? பிரிக்க வேண்டாம். நடுவில் இரண்டு பக்கமும் வெளியே ஒரு சட்டம் நிறுத்தி, மண்ணுக்குள்ளாகவே கட்டுக்கம்பியை இரட்டையாக விட்டு, ஒரு குச்சி கொடுத்து முறுக்கு. முறுக்க முறுக்கப் பலகை உள்ளே வரும். கான்கிரீட் பெட்டி அடைக்கும்போது அதைத்தான் செய்வோம்.

அண்ணன்: சட்டத்துக்குப் பலகை மிச்சமில்லை. அப்பா, நாலாவது பனங்கை?

அப்பா: நான் அறுத்து வைத்துவிட்டேன். கம்பியும் முறுக்கியாயிற்று.

தஞ்சாவூர் அத்தை: அண்ணனா இது!

ஜூலை 20, ஞாயிறு

தஞ்சாவூர் அத்தை: ஆடி பிறந்துவிட்டது. விதை போட்டீர்களா அண்ணி? கீரை விதை பொடி, நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குப்பையாக முளைக்கும்.

அம்மா: எனக்கே சொல்லித்தருகிறாயா. ஒரு பக்கம் அரைக்கீரை ஒரு பக்கம் சிறுகீரை. சுற்றிலும் நொய் போட்டிருக்கிறேன், எறும்பு விதையை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும்

நான்: கணக்கு முடிப்போம். மொத்தம் எவ்வளவு ஆயிற்று?

அண்ணன்: பேலட் 400. முந்திரி எண்ணெய் 140. திருகாணி 90. உடைந்த பிட் 60. நார்க் கட்டி 180. வலை 150. ஆக 1,020. எருவும் பனங்கையும் வீட்டுச் சரக்கு.

அண்ணி: பேலட்டை வண்டி மேல் கட்டிக்கொண்டு போக வர 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய டீசல் யார் கணக்கு?

அண்ணன்: அது அம்மாவைப் பார்க்கப் போன கணக்கு.

ஜூலை 24, வியாழன்

அம்மா: கோழி

நான்: கோழியா?

அம்மா: பெட்டி மேல் ஏறிக் கிளறிவிட்டது. இரண்டேகால் அடி கோழிக்கு ஒரு உயரமா. வலையை வாங்கிச் சுருட்டியே வைத்திருக்கிறான் உன் அண்ணன்

அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டுகிறேன் அம்மா.

அம்மா: அப்பா கட்டிவிட்டார். சிறுகீரைப் பக்கம் மறுபடி தூவிவிட்டேன்

ஆகஸ்ட் 15, வெள்ளி

அண்ணி: லீவுக்கு வந்திருக்கிறோம். அரைக்கீரை 26 நாளில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. மண் மட்டும் நாலு விரல் இறங்கிவிட்டது, அடியில் மட்டை படிகிறது போலிருக்கிறது. ஓரத்தில் சில இலை வெளிறிக் கிடக்கிறது.

தஞ்சாவூர் அத்தை: பச்சை மட்டை மக்கும்போது சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே ஒரு கூடை மக்கிய எரு போடு, பச்சை ஏறிவிடும். வேரோடு பிடுங்காதீர்கள், கிள்ளி எடுத்தால் மறுபடி துளிர்க்கும்.

கடலூர் மாமா: கால் எப்படி?

அண்ணி: செங்கல் மேல் ஒரு விரல் உயரம் கரையான் மண் கோடு ஏறியிருந்தது. பனங்கை வரை வந்து நின்றுவிட்டது. மாமனார் துடைத்துவிட்டார்.

கடலூர் மாமா: சொன்னேன் அல்லவா, முகர்ந்து பார்க்கும் என்று. வாரம் ஒருமுறை பார்த்துத் துடைத்துவிடச் சொல்.

நான்: அம்மா, உட்கார்ந்து பறிக்க வசதியாக இருக்கிறதா?

அம்மா: இருக்கிறது. எனக்கு அது தேவையில்லை. இருந்தாலும் இருக்கிறது

அண்ணி: (படம்)

நான்: அம்மாவின் நாற்காலி அங்கேயே நிரந்தரமாகப் போய்விட்டதா? பெட்டி விளிம்பில் காபி டம்ளர், கண்ணாடி, ரேடியோ எல்லாம் இருக்கிறது!

ஓசூர் சித்தப்பா: அண்ணி, சுமை கூடுகிறது. ரேடியோவுக்கு நான் கணக்குப் போடவில்லை.

அம்மா: அந்தப் படத்தை எடு. தலை வாரவில்லை

அண்ணி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அப்பா: 👍