கச்சான் காலத்தில் வீட்டு ஓவிய அறை: யன்னலை எந்தப் பக்கம் திறப்பது?

வாவிக்கரை (ஆரையம்பதி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் வளவொன்றில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறத்தில், இதுவரை நெல்மூட்டைகளும் உடைந்த தளபாடங்களும் கிடந்த நீளமான அறையை எனக்கு ஓவிய அறையாகத் தருவதற்கு வீட்டார் இணங்கியிருக்கிறார்கள். நான் பெரும்பாலும் நீர்வர்ணத்திலும் சில வேளைகளில் அக்ரிலிக்கிலும் வரைகிறேன். கிழக்கில் வீட்டோடு ஒட்டிய அந்த அறைக்கு மேற்குச் சுவரில் ஒரு சிறிய யன்னல் மட்டுமே உண்டு. பிற்பகல் வெயில் அதன் வழியாக நேரே மேசையில் வந்து விழுகிறது. மேசன் வரும்போது புதிதாக ஒரு பெரிய யன்னல் வைக்கலாம், ஆனால் கையிலுள்ள பணத்திற்கு ஒன்றுதான் சாத்தியம்.

ஓவியம் பற்றிய நூல்கள் எல்லாம் வடக்குப் பார்த்த யன்னலே சிறந்தது என்கின்றன. எங்கள் வடக்குச் சுவரிலோ ஆனி மாதத்தில் காலையும் மாலையும் வெயில் படிவதைக் கண்ணாலேயே காண்கிறேன். எதை நம்புவது?

மற்றொரு விடயம் வெப்பம். கூரை தகரம். அறையை அடைத்துக் குளிரூட்டி பொருத்திவிடு என்று உறவினர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் இல்லை. ஆண்டு முழுவதிலும் நான் மிகவும் விரும்புவது, கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இந்தக் காலத்தைத்தான். வளவில் மாவும் மரமுந்திரிகையும் பழுப்பது, வெள்ளரிப்பழத்தைப் பிளந்து சீனி தூவி எல்லோரும் சுற்றியிருந்து உண்பது, இரவில் முற்றத்து மணலில் பன்பாய் விரித்துப் படுப்பது ஆகிய இவையெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நடந்துகொண்டிருக்க, நான் உள்ளே அடைபட்டு அவற்றை வரைந்துகொண்டிருப்பதில் என்ன பொருள் இருக்கிறது? அறை திறந்திருக்கவும் வேண்டும், வர்ணம் காகிதத்தில் படுவதற்கு முன்பே காய்ந்துபோகாமல் இருக்கவும் வேண்டும். வழி உண்டா?

கல்லடி ஆசிரியர் பதில்:

மகள், உங்கள் கண் சரியாகத்தான் கண்டிருக்கிறது. வடக்கு யன்னல் என்னும் அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்பதால், வடக்கு யன்னலுக்குள் நேர்வெயில் ஏறத்தாழ வருவதே இல்லை. வானத்தின் பரவிய ஒளி மட்டுமே வருகிறது, நாள் முழுவதும் நிழல்கள் இடம் மாறுவதில்லை. மட்டக்களப்போ வட அகலக்கோடு 7 பாகை 43 கலையில் இருக்கிறது. ஏப்பிரல் இரண்டாம் வாரமளவில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலாக வந்து வடக்கே கடந்துவிடும். செப்டம்பர் முதல் வாரமளவில்தான் மீண்டும் தெற்கே திரும்பும். இந்த இடைக்காலம் முழுவதிலும், உதயம் முதல் அஸ்தமனம் வரை, அது வடபாதி வானத்திலேயே பயணம் செய்கிறது. ஆகவே கச்சான் வீசும் மாதங்களில், நூல்கள் வடக்குக்குச் சொல்லும் எல்லாச் சிறப்பும் உங்கள் தெற்குச் சுவருக்கே உரியது. அந்தச் சுவரில் அப்போது நேர்வெயில் படுவதே இல்லை.

மாரியில் இது தலைகீழாகும். செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் பிற்பகுதி வரை சூரியன் தெற்கு வானில் இருக்கும். அப்போது வடக்கு யன்னலே தூய்மையானது. இரண்டு யன்னல்கள் வைக்க முடிந்தால் ஆண்டுக்கு இரு முறை மேசையைத் திருப்பிப் போட்டு விடயத்தை முடித்துக்கொள்ளலாம். ஒன்றுதான் என்றால், நீங்கள் எந்தக் காலத்தில் அதிகம் வரைகிறீர்கள் என்பதே தீர்மானிக்க வேண்டும். மழை நாள்களில் வானம் பெரும்பாலும் மூடியிருப்பதால், தெற்கு யன்னலுக்கு ஒரு வெள்ளைத் திரை போதுமானதாக இருக்கும். நீங்கள் இந்தக் காலத்தை இவ்வளவு விரும்புகிறவர் என்பதால் தெற்கையே சொல்வேன்.

யாராவது வடக்கைத்தான் வைக்க வேண்டியிருந்தால் அதற்கும் வழி உண்டு. ஜூன் 21ஆம் திகதி நண்பகலில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 16 பாகைதான் வடக்கே சாய்ந்திருக்கும். கூரையின் இறவாரம் இரண்டடி நீண்டிருந்தால் சுவரில் ஏழடி ஆழத்திற்கு நிழல் விழும். தொல்லை தருவது நண்பகல் வெயில் இல்லை. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து சாய்வாக நுழையும் வெயில்தான். அதற்கு யன்னலின் இரு பக்கங்களிலும் நெடுக்காக ஒரு பலகையோ, சற்றுத் தள்ளி ஒரு வேம்போ பூவரசோ தேவைப்படும்.

இன்னுமொன்று. உங்கள் வளவின் வெண்மணலைக் கவனியுங்கள். மணலில் பட்டுத் தெறிக்கும் ஒளி கீழிருந்து அறைக்குள் ஏறி முகட்டை மஞ்சளாக்கிவிடும். அந்த வெளிச்சத்தில் நின்று வரைந்த படம் வெளிச்சம் மிகுதியால் அளவுக்கு மிஞ்சி வெளிறித் தோன்றும். நீங்கள் மேலும் மேலும் கருமை சேர்ப்பீர்கள். பின்னர் அதை மண்டபத்தில் மாட்டினால் இருண்டு கிடக்கும். யன்னலுக்கு நேர்கீழே பத்தடி அகலத்திற்குப் புல்லோ குறுஞ்செடியோ வளர்த்தால் இது அடங்கும்.

திருக்கோவில் தூரிகை பதில்:

தங்கச்சி, சேர் சொன்ன ஒளிக்கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் யன்னல் வழியாக ஒளி மட்டும் வருவதில்லை, காற்றும் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்துபோய் வருகிறது. தெற்கே அகலத் திறந்த யன்னலின் முன் நீர்வர்ணம் வைத்து ஒரு வானத்தைக் கரைத்துப் பாருங்கள். மேல் ஓரத்தில் நீலம் பூசிக் கீழே வருவதற்குள் மேலே வரி விழுந்து காய்ந்திருக்கும். காகிதம் நெளியும், புழுதி ஒட்டும்.

ஆகவே தெற்கு யன்னலின் பெரும்பகுதியைத் திறக்க முடியாத கண்ணாடியாக வையுங்கள். ஒளி அதன் வழியாக வரட்டும். காற்றுக்கு மேலே மட்டும் சிறிய கதவுகள் போதும். மேற்கு யன்னலை அடைத்துவிடுங்கள், அதனால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. அதன் நிலையையும் கதவையும் பழுதில்லாமல் கழற்றி எடுத்து வடக்குச் சுவரின் மேற்பகுதியில் பொருத்தினால், புது யன்னல் வாங்காமலே சூடான காற்று வெளியேற வழி கிடைக்கும். மேசன் கூலி சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

வர்ணம் காய்வதைப் பற்றிச் சொல்வதானால், பொருளின் தன்மை அறிந்து நடக்க வேண்டும். நீர்வர்ணத்தின் பிடிப்பு அரபிக் கோந்து. காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மீண்டும் இளகும். அதில் சில துளி கிளிசரின் சேர்த்தால் ஈரம் சற்று நின்று பிடிக்கும், மிகுந்தால் படம் பிசுபிசுக்கும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதத்தை முன்னும் பின்னும் நன்றாக நனைத்துப் பலகையில் படியவைத்தால், கச்சானிலும் ஒரு வானத்தை முடிக்கப் போதிய அவகாசம் கிடைக்கும். அக்ரிலிக் அப்படியல்ல. நீர் ஆவியானதும் அதன் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிடும், பிறகு இளகாது. மூடியுள்ள தட்டையான பெட்டியில் ஈரத் துணியை விரித்து, அதன் மேல் கேக் வேகவைக்கும் எண்ணெய்த்தாளைப் போட்டு, அதில் வர்ணத்தைக் குழைத்தால் மாலைவரை மென்மையாக இருக்கும்.

எண்ணெய் வர்ணத்திற்கு மாறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் ஒட்சிசனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிவிடும். அந்த எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்தால் தானே தீப்பற்றக்கூடும், அதுவும் இந்த வெயிலில். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நேரம். காற்று எழுவதற்கு முன் விடியற்காலையில் ஈர வேலை. வெயில் ஏறியபின் காகிதம் வெட்டுவது, சட்டம் கட்டுவது, பென்சில் கோடுகள், அல்லது தயிர்ச்சோறு உண்டு உறங்குவது. உறக்கத்தை நான் வேலைநேரமாகவே கணக்கிடுகிறேன். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்தி விழா தொடங்கிவிட்டால் நான் அறையையே மறந்துவிடுவேன். சிறிய புத்தகமும் கரித்துண்டும் போதும். சிறுபோக வயல்கள் வாய்க்கால் நீரில் பச்சையாக நிற்க, வரம்புக்கு அப்பால் மேட்டுநிலம் முழுவதும் காய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும் அந்த எல்லைக்கோட்டை எந்த யன்னலும் காட்டாது.

நெசவு வீடு (மருதமுனை) பதில்:

சகோதரிக்கு, நான் ஓவியன் இல்லை. எங்கள் குடும்பம் கைத்தறி நெசவு செய்கிறது. ஆனாலும் சாயமும் வெயிலும் எங்கள் அன்றாடப் பாடு என்பதால் எழுதுகிறேன். திரையைப் பற்றிச் சேர் வெள்ளை என்றார்கள், அது மிகச் சரி. மலிவாகக் கிடைக்கிறதென்று நிறத்துணி போட்டால் அறையின் ஒளி முழுவதும் அந்த நிறமேறிவிடும், நீங்கள் கலக்கும் எந்த நிறத்தையும் நம்ப முடியாது. வெளுத்த பருத்தித்துணி, நெருக்கமாக நெய்தது, ஒரு மடிப்பு போதும். மஞ்சளால் சாயமிட்ட எதையும் வெயில்படும் இடத்தில் வைக்க வேண்டாம். மஞ்சள் நிறம் ஒளிக்கு மிக விரைவாக வெளிறும்.

தகரத்தின் மேல் தென்னங்கிடுகு வேயுங்கள். உள்வெப்பம் நன்றாகக் குறையும். ஆனால் மாரி தொடங்குமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். நனைந்த கிடுகு தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் கடற்காற்றில் ஏற்கெனவே துருப்பிடிக்கும் தகரம் இன்னும் விரைவாக அரிக்கும். இறவாரத்தால் வடியும் கபில நிறத் தண்ணீர் சுவரையும் கெடுக்கும்.

வாவிக்கரை மீண்டும்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தெற்கில் பெரிய கண்ணாடி, மேற்கு யன்னல் வடக்கின் மேற்பகுதிக்கு, தகரத்தின் மேல் கிடுகு என்று மேசனிடம் சொல்லிவிட்டேன். வடக்குப் பக்கத்தில் வேப்பமரம் ஏற்கெனவே நிற்கிறது. சேரிடம் ஒரு சந்தேகம்: கண்ணாடிக்கு அப்பால் தெற்கில் எங்கள் மரமுந்திரிகை மரம் ஒன்று தழைத்து நிற்கிறது. அதன் பச்சை ஒளி அறைக்குள் விழாதா? மரத்தை வெட்ட எனக்கு விருப்பமில்லை. பழுக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கொண்டு அதன் கீழ்தான் கூடுவார்கள்.

அக்காவிடம் இன்னொன்று: சென்ற ஆண்டு காகிதத்தைப் பலகையில் இறுக்கிய ஊசிகள் துருப்பிடித்து நான்கு மூலைகளிலும் கபிலக் கறை விட்டிருந்தன. நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

கல்லடி ஆசிரியர் பதில்:

மரத்தை வெட்டவே வேண்டாம், மகள். அது யன்னலிலிருந்து எவ்வளவு தூரம், யன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரம் என்பதுதான் விடயம். மேசையில் அமர்ந்து பார்க்கும்போது மரத்திற்கு மேலே வானம் தெரிந்தால், வரும் ஒளியில் பெரும்பங்கு வானத்தினுடையதாகவே இருக்கும். ஆகவே யன்னலைக் கீழே இறக்காமல், அடிவிளிம்பை இடுப்புயரத்துக்கு மேலே வைத்து, தலையைக் கூரை இடம்தரும் அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். கீழ்க் கிளைகளில் ஒன்றிரண்டைக் கவ்வாத்துச் செய்தால் போதும். உட்சுவர்களுக்கு வெள்ளை பூசுங்கள், பளபளப்பில்லாத வெள்ளை. ஓவியப் பலகைக்கு எதிரே உள்ள சுவரை மட்டும் மென்சாம்பலாக விட்டால் கண் ஓய்வெடுக்கும்.

திருக்கோவில் தூரிகை பதில்:

ஊசியை விட்டுவிடுங்கள் தங்கச்சி. பின்பக்கம் பசையுள்ள கபிலக் காகித நாடாவை நனைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டினால் உலோகமே தேவையில்லை. காய்ந்தபின் ஓரத்தோடு வெட்டி எடுக்கலாம். ஓவியச் சீலையைச் சட்டத்தில் இறுக்குவதற்குச் செம்பு ஆணியோ துருப்பிடிக்காத உருக்கு ஆணியோ வாங்குங்கள். நாடாச் சுருளை மூடிய தகரத்தில், ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உடன் வைத்துப் பாதுகாக்கவும். வாவிக்கரைக் காற்றில் வெளியே வைத்தால் சுருள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும்.