ஆர்வி-7 டேங்க்: மாலையில் ஊதிய பலூன் காலையில் தொங்குகிறது, குமிழியே இல்லை

கேள்வி:
ஆர்வி-7 (கிட்டாக வாங்கி நாமே கட்டும் சிறு விமானம்), இடது இறக்கையில் இருக்கும் எரிபொருள் டேங்க். எரிபொருள் எடுக்கும் குழாய், வென்ட் (காற்றுப் போக்கி) குழாய், மிதவை சென்டர் (எரிபொருள் அளவை மீட்டருக்குச் சொல்லும் sender) எல்லாம் போட்டு, பின்தகட்டையும் ரிவெட் அடித்து மூடிவிட்டேன். சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) காய ஒரு வாரம் விட்டேன். நேற்று மாலை கசிவு இருக்கிறதா என்று பார்க்க, வென்ட்டில் பலூனை மாட்டி, அடியில் இருக்கும் வடிகால் ஓட்டை வழியாகச் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். கராஜில் அப்போது 25 டிகிரி. காலையில் 15 டிகிரி, பலூன் துவண்டு கிடக்கிறது. உடனே ஒவ்வொரு ரிவெட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. வெளியே இன்னொரு பூச்சு சீலன்ட் போட்டுவிடட்டுமா?

பதில் 1:
போடாதீர்கள். உங்கள் டேங்க் 21 கேலன், அதாவது சுமார் 80 லிட்டர். 10 டிகிரி குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 2.7 லிட்டர் சுருங்கும். 17 செ.மீ. அகலப் பலூன் ஒன்று முழுசாகக் காணாமல் போக அதுவே போதும். கசிவே இல்லாமலும் இப்படி ஆகும்.
இன்னொன்று: பலூன் துவண்ட பிறகு சோப்புத் தண்ணீர் தடவியிருக்கிறீர்கள். உள்ளே அழுத்தமே இல்லை, குமிழி எப்படி வரும்? மதியம் வரை தொடாமல் விட்டுப் பாருங்கள்.

பதில் 2:
எரிபொருள் ஊற்றும் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியாகக் காற்று கசிந்து பலரையும் ஏமாற்றும், முதலில் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். கம்ப்ரஸர் பக்கம் மட்டும் போகாதீர்கள், 1 பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் டேங்க் உப்பிவிடும். அப்புறம், உள்ளே ஊற்றிக் குலுக்கும் பூச்சை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வருஷங்கள் கழித்து அது தோலாக உரிந்து எரிபொருள் வலையை அடைத்த கதை ஆர்விக்காரர்களிடம் நிறைய உண்டு.

கேட்டவர்:
மதியம் பலூன் தானாகவே எழுந்து நின்றது! ஆனால் நேற்றைய அளவுக்கு வரவில்லை. மூடிக்கு டேப் ஒட்டி, மறுபடி காற்றடித்து, உடனே சோப்பு தடவினேன். சென்டர் தகட்டின் ஒரு ஸ்குரூவைச் சுற்றி ஊசிமுனை அளவில் குமிழிகள். கிட்டில் வந்த கார்க் கேஸ்கட்டைத்தான் போட்டிருந்தேன், ஸ்குரூ மரையில் எதுவும் தடவவில்லை.

பதில் 2:
நல்ல இடத்தில்தான் கசிகிறது, கழற்றலாம். ரிவெட்டில் கசிந்திருந்தால் உள்ளே போய்ச் சரிசெய்ய டேங்கையே வெட்ட வேண்டியிருக்கும். கார்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பரப்பையும் எம்இகே (பிசுக்கை நீக்கும் கரைப்பான்) வைத்துத் துடைத்து, சீலன்டிலேயே ஒட்டுங்கள். சீலன்டின் இரண்டு பாகங்களையும் பத்துக்கு ஒன்று கலப்பது எடைக் கணக்கு, தராசு இல்லாமல் கலக்காதீர்கள். ஸ்குரூ மரையிலும் தலைக்கு அடியிலும் தடவுங்கள்.

பதில் 1:
மூடும் முன் மிதவையைக் கையால் ஏற்றி இறக்கி அளந்துவிடுங்கள்: காலியில் 240 ஓம், நிறைந்தால் 30 பக்கம் வரணும். சீலன்ட் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் சென்டருக்குத் தனி எர்த் ஒயர் கொடுப்பது நல்லது.

கேட்டவர்:
கழற்றியாச்சு. கார்க் ஒரு ஓரத்தில் பிளந்தே இருந்தது. வலது டேங்கிலும் அதையேதான் போட்டிருக்கிறேன், இன்றைக்கு அதையும் பிரிக்கப் போகிறேன்.