காமன்கூத்துக் காணொளி எங்கள் இணையத்தளத்தில் நின்று நின்று ஓடுகிறது

இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் ஐபோன் 13இல் பதிவுசெய்த ரதி, மதன் கதையை ஆடும் காமன்கூத்தின் 42 நிமிடக் காணொளியை இணையத்தளத்தில் ஏற்றி மூன்று வாரங்களாகியும், இங்குள்ள கைத்தொலைபேசிகளில் அது தடையின்றி ஓடவில்லை. மூலக்கோப்பு எச்.265 என்னும் காணொளிச் சுருக்க முறையிலான எம்ஓவி என்பதால் சில உலாவிகளில் ஒலி மட்டுமே கேட்டது. ஹேண்ட்பிரேக் என்னும் காணொளி மாற்று மென்பொருள் மூலம், பெரும்பாலான உலாவிகள் ஏற்கும் எச்.264 எம்பி4 ஆக மாற்றிய பின்னரே படம் தெரிந்தது. முழுக்கோப்பும் இறங்கும்வரை தொடங்காத குறையை, கோப்பின் அட்டவணைப் பகுதியை முன்னால் நகர்த்தும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் ஃபாஸ்ட்ஸ்டார்ட் தெரிவு தீர்த்தது.

ஆயினும் 1080பி அளவில் கோப்பு 1.4 ஜிபி, மாலையில் 4ஜி தளர்ந்ததும் ரதியும் மதனும் ஆட்டத்தின் நடுவே உறைந்து நிற்கிறார்கள். 480பிக்குக் குறைத்தாலோ, மணிக்கணக்கில் இட்ட ஒப்பனை கலங்கிவிடுகிறது.

பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் சாதாரண வழங்கியில் 360பி, 480பி, 720பி ஆகிய மூன்று தரங்களையும் ஆறு விநாடித் துண்டுகளாக இணைய வேகத்துக்கேற்பத் தரத்தை மாற்றி ஓட்டும் எச்எல்எஸ் முறையில் வைத்தால் போதுமா, அல்லது வழங்கியில் தனி மென்பொருள் ஏதும் வேண்டுமா?