எப்சிலான் எரிடானிக்கு எத்தனை கோள்? ஒன்றா, இரண்டா?

கேள்வி: இரவுவானம்

கொஞ்ச நாளாக எப்சிலான் எரிடானியைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 10.5 ஒளியாண்டு தூரம், சூரியனைவிடச் சற்றே சிறிய ஆரஞ்சுக் குள்ள விண்மீன், வெறும் கண்ணுக்கே தெரியும் என்பது வரை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கோள்கள் என்று வந்ததும் ஆளுக்கொரு கணக்கு. ஒரு பட்டியலில் ஒரு கோள், இன்னொன்றில் இரண்டு, அந்த இரண்டாவதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

முதல் கோளைப் பற்றியாவது ஒத்துப்போகிறார்களா என்றால் அதுவும் இல்லை. பழைய கட்டுரையில் அதன் பாதை நன்றாக நீண்டுபோன நீள்வட்டம், புதியதில் கிட்டத்தட்ட வட்டம். நிறை ஓரிடத்தில் வியாழனைப் போல ஒன்றரை மடங்கு, இன்னோரிடத்தில் வியாழனைவிடக் குறைவு. ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கோளின் ஆரத்தைக்கூட அழுத்தந்திருத்தமாகச் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டில் இருப்பதற்கு ஏன் இவ்வளவு இழுபறி? அப்புறம், பூமி மாதிரி ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு உண்டா?

பதில்: நிறமாலை

எல்லாக் குழப்பமும் அந்த விண்மீனின் வயதிலிருந்து வருகிறது. சூரியனுக்கு சுமார் 460 கோடி ஆண்டு வயது, எப்சிலான் எரிடானிக்கு 40 முதல் 80 கோடிதான் இருக்கும். இளம் விண்மீன் என்பதால் வேகமாகச் சுழல்கிறது. சூரியன் ஒருமுறை சுழல ஏறக்குறைய 25 நாள் எடுத்துக்கொள்கிறது, இதற்கு 11 நாள் போதும். வேகமாகச் சுழல்வதால் காந்தப்புலம் பலம், காந்தப்புலம் பலம் என்பதால் மேற்பரப்பு முழுக்கக் கரும்புள்ளிகளும் கொந்தளிப்பும். கோள் இருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு இந்தக் கொந்தளிப்புதான் தலைவலி.

எப்படி என்று சொல்கிறேன். இந்தக் கோளை யாரும் நேரில் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. கோள் சுற்றும்போது விண்மீனும் கொஞ்சம் அசைகிறது, நம்மை நோக்கி வருகிறது, விலகிப் போகிறது. வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் மெல்லிய கோடுகள்) நீலப் பக்கமும், போகும்போது சிவப்புப் பக்கமும் நகர்கின்றன. இங்கே அந்த அசைவின் வேகம் நொடிக்கு 10, 11 மீட்டர். நல்ல ஓட்டப்பந்தய வீரர் ஓடும் வேகம், அவ்வளவுதான். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று கோடியில் ஒரு பங்கு, கோடும் தன் அலைநீளத்தில் அதே பங்குதான் நகரும்.

இப்போது விண்மீனின் முகத்தில் ஒரு பெரிய கரும்புள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்மீன் சுழல்வதால் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும், எதிர் விளிம்பு விலகிக்கொண்டிருக்கும். புள்ளி முதலில் தலைகாட்டுவது நம்மை நோக்கி வரும் பக்கத்தில். அந்த இடத்தின் வெளிச்சத்தை அது மறைப்பதால் மொத்த ஒளியில் நீலப் பக்கம் கொஞ்சம் குறைகிறது, கோடு சிவப்புப் பக்கம் சாய்ந்ததுபோல் தெரிகிறது. ஐந்தாறு நாளில் புள்ளி மறுபக்கம் போனதும் சாய்வும் மாறிவிடுகிறது. விண்மீன் நகரவே இல்லை, ஆனால் கருவி அசைவு என்று எழுதிவைக்கிறது. இதன் அளவும் நொடிக்குச் சில மீட்டர், கோளின் குறியோடு போட்டி போடும் அளவு.

புள்ளியின் 11 நாள் ஆட்டத்தை, கோள் சுற்றிவரும் 7 ஆண்டு ஆட்டத்திலிருந்து பிரிப்பது ஒன்றும் கஷ்டமில்லையே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் சூரியனுக்கு 11 ஆண்டுச் சுழற்சி இருப்பதுபோல இதற்கும் காந்தச் சுழற்சிகள் உண்டு, ஒன்று சுமார் 3 ஆண்டு, இன்னொன்று சுமார் 13 ஆண்டு. மேற்பரப்பில் சூடான வாயு எந்நேரமும் மேலே பொங்கிக்கொண்டே இருக்கிறது, அதாவது நம்மை நோக்கி. காந்தப்புலம் பலமாகும் ஆண்டுகளில் அந்தப் பொங்கல் அமுங்குகிறது, கோடுகளின் சராசரி இடமே மெதுவாக மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கும் இந்த மாற்றம், தூரத்தில் சுற்றும் ஒரு கோள் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும்.

அதனால்தான் 1988இலேயே முதல் சந்தேகம் எழுந்தும், கோள் என்று 2000இல்தான் அறிவித்தார்கள், அப்போதும் பலர் நம்பவில்லை. நீங்கள் படித்த நீண்ட நீள்வட்டம், ஒன்றரை வியாழன் எல்லாம் 2006இல் ஹபிள் அளவுகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு, மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீள்கிறது என்ற அளவு, சரியான வட்டத்துக்கு 0) 0.7 என்று வந்தது. 2019இல் 30 ஆண்டுத் தரவையும் ஒன்றாக வைத்து, கோள் பளிச்சென்று தெரிகிறதா என்று கெக் தொலைநோக்கியில் தேடியும் பார்த்து (தெரியவில்லை, தெரியாமல் போனதே நிறைக்கு ஓர் உச்ச வரம்பு), திரும்பக் கணக்குப் போட்டார்கள். மையப்பிறழ்ச்சி 0.07, நிறை வியாழனில் முக்கால் பங்கு போல, விண்மீனிலிருந்து 3.5 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 1 அலகு), ஒரு சுற்றுக்கு 7.4 ஆண்டு. அதற்குப் பிறகு வந்த கணக்குகளில் நிறை கொஞ்சம் முன்னே பின்னே போகிறது, ஆனால் வட்டத்துக்கு நெருக்கமான பாதை, வியாழன் வகைக் கோள் என்பது மாறவில்லை.

இது கோள்தான் என்று நான் நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்மீனின் காந்தக் கொந்தளிப்பை அளக்க ஊதாப் பகுதியில் இரண்டு கால்சியம் கோடுகள் இருக்கின்றன, கொந்தளிப்பு கூடினால் அவை பிரகாசமாகும். வேக ஏற்றத்தாழ்வு விண்மீனுடையது என்றால் கால்சியத்திலும் அதே தாளம் கேட்க வேண்டும். 3 ஆண்டுத் தாளம் கேட்கிறது, 7.4 ஆண்டுத் தாளம் கேட்கவில்லை. நான்கு சுற்று முடிந்தும் அது இடம் பிசகாமல் வந்துகொண்டிருக்கிறது.

பதில்: தூசிவளையம்

மேலே உள்ள விளக்கம் பிரமாதம். இரண்டாவது கோளையும் கேள்விக்குறியையும் பற்றி நான் சொல்கிறேன்.

எப்சிலான் எரிடானியைச் சுற்றி ஒரு தூசி வளையம் இருப்பதை 1998இல் ஹவாயின் மௌனா கீ உச்சியிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கி, மில்லிமீட்டருக்கும் குறைந்த அலைநீளத்தில் படம் பிடித்தது. விண்மீனிலிருந்து ஏறத்தாழ 70 வானியல் அலகு தூரத்தில் அது இருக்கிறது, நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறைகள் சுற்றும் நம் கைப்பர் பட்டையைவிடச் சற்றுத் தள்ளி. அந்தப் படத்தில் வளையம் ஒரே சீராக இல்லை, இங்கங்கே கட்டி தட்டினதுபோல் தெரிந்தது. ஒரு கோள் உள்ளிருந்து ஈர்ப்பால் தூசியைக் கட்டுப்படுத்தினால் இப்படிக் கட்டிகள் வரும் என்று 2002இல் கணக்குப் போட்டு, 40 வானியல் அலகில், 280 ஆண்டுச் சுற்றுக்காலத்தில் ஒரு கோள் இருக்கலாம் என்றார்கள். அதுதான் உங்கள் இரண்டாவது கோள். அதன் ஈர்ப்பை நேரடியாக யாரும் அளக்கவில்லை. 280 ஆண்டுச் சுற்றை வேக அளவீட்டில் பிடிக்க நமக்கு ஆயுள் போதாது. பட்டியல்களில் அதைக் கோளாகவே எழுதிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் வளையத்தின் கதை இதோடு முடியவில்லை. விண்வெளியிலிருந்த ஸ்பிட்சர், விமானத்தில் பறந்த சோஃபியா இரண்டும் அகச்சிவப்பில் பார்த்ததில், பெரிய வளையத்துக்கு உள்ளே விண்மீனுக்கு அருகிலும் சூடான தூசி இருப்பது உறுதியானது. தூசி நிலைத்து நிற்காது. விண்மீன் காற்றும் ஒளியும் அதைத் தள்ளியும் இழுத்தும் காலி செய்துவிடும். அப்படியும் இருக்கிறது என்றால், பாறைகள் ஒன்றோடொன்று மோதி இன்றைக்கும் புதுத் தூசியை உண்டாக்குகின்றன என்று அர்த்தம். ஸ்பிட்சர் தரவை வைத்து 3 வானியல் அலகு அருகில் ஒரு சிறுகோள் பட்டை, 20 அருகில் இன்னொன்று என்று ஒரு மாதிரி போட்டார்கள். இதை 0.7 மையப்பிறழ்ச்சியோடு வைத்துப் பாருங்கள். அப்படி ஒரு பாதையில் வியாழன் போன்ற கோள் விண்மீனுக்கு 1 வானியல் அலகு வரை உள்ளே வந்து திரும்பும், 3 அருகே எந்தப் பட்டையும் பிழைக்காது. பாதை வட்டம் என்று வந்தபோது எங்களைப் போன்ற தூசி ஆசாமிகளுக்குத்தான் பெரிய நிம்மதி.

பதில்: நீலப்புள்ளி

பூமி மாதிரி ஒன்று இருக்குமா என்பதற்கு. எப்சிலான் எரிடானியின் ஒளிர்வு சூரியனில் மூன்றில் ஒரு பங்கு. பூமிக்குக் கிடைக்கும் அளவு வெப்பம் கிடைக்க வேண்டுமானால் கோள் 0.6 வானியல் அலகுக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும், ஒரு ஆண்டு என்பது நம் ஆறு மாதத்துக்குச் சமம். அங்கே பூமியின் நிறையில் ஒரு கோள் இருந்தால் விண்மீனை நொடிக்கு 13 சென்டிமீட்டர் வேகத்தில்தான் அசைக்கும். நண்பர் நிறமாலை மேலே சொன்ன கொந்தளிப்பு நொடிக்குச் சில மீட்டர். அதனால் "கண்டுபிடிக்கவில்லை" என்பதை "இல்லை" என்று படிக்காதீர்கள், இருந்தாலும் இன்றைய அளவீட்டில் தெரியாது.

உயிர் என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு. நம் பூமியில் உயிர் இருந்ததற்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் மிகப் பழைய தடயங்கள் சுமார் 350 கோடி ஆண்டு பழையவை, அப்போது பூமிக்கு 100 கோடி வயது. எப்சிலான் எரிடானி இன்னும் அந்த வயதைத் தொடவே இல்லை. 1960இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலி ஆய்வகத்தில் 1420 மெகாஹெர்ட்ஸில் அயல் நாகரிகங்களின் குறிகளுக்குக் காது கொடுத்தபோது தேர்ந்தெடுத்த இரண்டு விண்மீன்களில் ஒன்று டௌ செட்டி, மற்றொன்று இதுதான். வயது தெரிந்த இன்றைக்கு இதை யாரும் முதல் இரண்டில் வைக்க மாட்டார்கள்.

ஆரஞ்சுக் குள்ளர்கள் என்ற வகையே எனக்குப் பிடித்தது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். சிவப்புக் குள்ளர்கள் போல உயிர்வாழ் மண்டலத்தை (நீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தை) சுட்டெரிக்கும் வெடிப்புகள் இவற்றில் நீண்ட காலம் நீடிப்பதில்லை, சூரியனைப் போல 1000 கோடி ஆண்டில் எரிபொருளும் தீர்ந்துபோவதில்லை. வயதான ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் கசியோப்பியாவில் எச்டி 219134 இருக்கிறது, 21 ஒளியாண்டு. சூரியனைவிட மிக மூத்தது, சுழல 40 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அமைதியான விண்மீன். 2015இல் லா பால்மாவிலுள்ள ஹார்ப்ஸ்-என் கருவி அங்கே பூமியைப் போல நான்கு மடங்குக்கு மேல் நிறையுள்ள பாறைக் கோளைப் பிடித்தது, சுற்றுக்காலம் 3 நாள். அடுத்ததற்கு 6.8 நாள். அவற்றுக்கு வெளியே இன்னும் கோள்கள் உண்டு, கடைசியில் சனி வகையில் ஒன்று. ஒரே ஆரஞ்சு வகைதான், வயது வித்தியாசம் ஒன்றுதான், கோள்கள் இவ்வளவு தெளிவாக எண்ணக் கிடைக்கின்றன.

கேள்வி கேட்டவர்: இரவுவானம்

மூவருக்கும் நன்றி, கால்சியம் கோடு விஷயம் எங்கேயும் படித்ததில்லை. இன்னும் ஒன்று மட்டும். எச்டி 219134இன் உள்கோள்கள் விண்மீனைக் குறுக்கே கடந்து மறைப்பதால்தான் ஆரம் தெரியும் என்று பார்த்தேன். எப்சிலான் எரிடானியில் அந்த வழி ஏன் இல்லை? ஜேம்ஸ் வெப்பால் நேராகப் படம் எடுக்க முடியாதா? வானத்தில் எங்கே தேடுவது என்றும் சொன்னால் நல்லது.

பதில்: நிறமாலை

குறுக்கே கடக்க வேண்டுமானால் பாதையின் விளிம்பு நம் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இங்கே தூசி வளையத்தை நாம் ஏறக்குறைய மேலிருந்து, 30 சொச்சம் பாகை சாய்வில் பார்க்கிறோம். கோளும் அதே தளத்தில் சுற்றினால் விண்மீனின் முன்னால் அது ஒருநாளும் வராது. எச்டி 219134இன் இரண்டு உள்கோள்கள் கடப்பதை ஸ்பிட்சர் பிடித்தது, அது நமக்கு அடித்த அதிர்ஷ்டம்.

படத்துக்கு, இன்னொரு ஆரஞ்சுக் குள்ளனான எப்சிலான் இண்டியைப் பாருங்கள், 12 ஒளியாண்டு. 2024இல் வெளியான வெப் படத்தில் அதன் கோள் தனிப் புள்ளியாகவே தெரிகிறது. ஆறு வியாழன் நிறை, வெப்பம் 0 பாகை செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில், விண்மீனிலிருந்து 28 வானியல் அலகு. எப்சிலான் எரிடானியின் கோள் வானத்தில் விண்மீனிலிருந்து அதிகபட்சம் ஒரு வினாடிக் கோணம்தான் தள்ளிப் போகிறது, நிறையும் அதில் பல மடங்கு குறைவு, விண்மீனின் கூசும் ஒளிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. இன்னும் பெரிய கண்ணாடி வேண்டும்.

தேடுவதற்கு: ஓரியனில் திருவாதிரைக்கு எதிர்மூலையில் இருக்கும் ரைகலைப் பிடியுங்கள். அங்கிருந்து நேர் மேற்கே, நீட்டிய கையின் முட்டி அளவில் இரண்டரை முட்டி போனால் அருகருகே ஒரு ஜோடி வரும். கிழக்கே இருக்கும் கொஞ்சம் பிரகாசமானது டெல்டா எரிடானி, மேற்கே இருப்பது எப்சிலான். பிரகாச எண் 3.7 (எண் கூடினால் மங்கல்), நகர வெளிச்சத்தில் இருநோக்கி இருந்தால் சுலபம்.